மீனின் பிட்யூட்டரியில் எல்.எச். செல்லும் எஃப்.எஸ்.எச். செல்லும் ஏன் தனித்தனி?

செதில்நுனி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். மீன்களின் இனப்பெருக்க உட்சுரப்பியல் படிச்சிட்டிருக்கேன். ரெண்டு கேள்வி மண்டைக்குள்ள சுத்திட்டே இருக்கு, ரெண்டுக்கும் ஒரே வேர்தான்னு தோணுது.

முதல் கேள்வி. பாலூட்டிகளின் பிட்யூட்டரியில் பெரும்பாலும் ஒரே செல்தான் எஃப்.எஸ்.எச்., எல்.எச். (சினையை வளர்க்கறது ஒண்ணு, முதிர வச்சு வெளியேத்தறது இன்னொண்ணு) ஹார்மோன் ரெண்டையும் செய்யுது. எலும்பு மீன்களில் இதுக்கு ஒண்ணு, அதுக்கு ஒண்ணுன்னு தனித்தனி செல். பாடநூல் இதை ஒரே வரியில் சொல்லிட்டு அடுத்த தலைப்புக்குப் போயிடுது. இப்படிப் பிரிஞ்சிருப்பதால் மீனுக்கு என்ன கிடைக்குது?

ரெண்டாவது, பொரிப்பகத்தில் அடிக்கடி காதில் விழும் பேச்சு. "ஊசி போட்டேன், அளவெல்லாம் சரி, ஆனா மீன் சினை விடலை." ஹார்மோன் உள்ளே போயாச்சு, அப்புறம் எங்கே தடைபடுது?

ஆய்வில் இருப்பவங்க, பொரிப்பகத்தில் இருப்பவங்க ரெண்டு தரப்பும் பேசினா நல்லாருக்கும்.

---

அயிரை

நல்ல கேள்வி, செதில்நுனி. இதே செல்களோடு வேலை செய்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடம். மீனின் பிட்யூட்டரி மூளையின் அடியில் ஒட்டியிருக்கும் மிகச் சிறிய உறுப்பு. அதன் முன்பகுதியில் ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் ஓரளவு வரையறுத்த இடம் உண்டு. புரோலாக்டின் செல்கள் முன்முனையில் இருக்கும். மெலனின் நிறமியைக் கட்டுப்படுத்தும் செல்களும் சொமட்டோலாக்டின் செல்களும் பின்பகுதியில். இரண்டுக்கும் நடுவே வளர்ச்சி ஹார்மோன் செல்கள், தைராய்டைத் தூண்டும் செல்கள், அவற்றோடு நம் இரண்டு கதாநாயகர்கள். பாலூட்டிகளில் எல்லா வகையும் கலந்து கிடக்கும். மீனில் இப்படி வட்டாரம் பிரித்து உட்கார்ந்திருப்பதால், ஒரு வெட்டுத்துண்டுக்குச் சாயம் ஏற்றினாலே எந்தச் செல் எங்கே என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது இணைப்பு. பாலூட்டிகளில் மூளையின் அடிப்பகுதியான ஹைப்போதலாமஸ் தன் செய்தியை ஒரு சிறு இரத்தநாள வலையில் விடுகிறது, இரத்தம் அதைப் பிட்யூட்டரிக்குக் கொண்டுபோகிறது. எலும்பு மீன்களில் அந்த வாயில் நாள அமைப்பு கிடையாது. நரம்பு இழைகளே பிட்யூட்டரிக்குள் இறங்கி, செல்களின் பக்கத்திலோ இரத்தநாளச் சுவரின் ஓரத்திலோ முடிகின்றன. எந்த நரம்பு எந்தச் செல்லிடம் பேசுகிறது என்பதை நேரடியாகப் பார்க்கலாம். இதனால்தான் பிட்யூட்டரியைப் புரிந்துகொள்ள மீனை எடுப்பது எனக்குப் பிடிக்கும்.

மூன்றாவது, ஹார்மோன்கள். 1988இல் 'சம் சால்மன்' என்ற மீனின் பிட்யூட்டரியிலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் இரண்டு தனித்தனி கோனடோட்ரோபின்களை (இனப்பெருக்க உறுப்பைத் தூண்டும் ஹார்மோன்கள்) பிரித்தெடுத்தார்கள். அதுவரை மீனுக்கு ஒரே ஒரு கோனடோட்ரோபின்தான் என்ற கருத்தும் வலுவாக இருந்தது. முதலில் 'ஜி.டி.எச். 1, 2' என்று எண் கொடுத்தார்கள், பிறகு அவையே எஃப்.எஸ்.எச்., எல்.எச். ஆயின. இரண்டுக்கும் ஆல்ஃபா துணைக்கூறு பொது, பீட்டா வேறு. எந்த ஏற்பியில் (ஹார்மோன் வந்து பொருந்தும் புரதம்) எவ்வளவு நன்றாகப் பொருந்தும் என்பதை முடிவு செய்வது பீட்டாதான்.

சால்மன் வகை மீன்களில் இரண்டும் வரும் காலமும் வேறு. சினை வளர்ந்து மஞ்சள்கரு சேரும் மாதங்களில் இரத்தத்தில் ஓங்கியிருப்பது எஃப்.எஸ்.எச். அப்போது எல்.எச். கிட்டத்தட்ட இல்லை எனலாம். கடைசி முதிர்ச்சி, முட்டை வெளியேற்றம் என்ற கட்டம் வரும்போதுதான் எல்.எச். செங்குத்தாக ஏறுகிறது. ஆண்டுக்கு ஒருமுறை, சில இனங்களில் வாழ்நாளில் ஒரே ஒருமுறை முட்டையிடும் மீனுக்கு இந்த இடைவெளி மாதக்கணக்கு. இவ்வளவு தள்ளித் தள்ளி நடக்கும் இரண்டு வேலைகளை இரண்டு செல்களிடம் விடுவது ஏன் என்பதற்கு அங்கே ஒரு தடயம் இருப்பதாக நினைக்கிறேன்.

---

ஆற்றுக்கெண்டை

பொரிப்பகத் தரப்பிலிருந்து நான்.

அயிரை மேடம் சொல்ற அந்தச் சுரப்பியை கையால எடுத்து வேலை பார்த்த தலைமுறை நாங்க. பாக்காதவங்களுக்காகச் சொல்றேன். கெண்டையோட மண்டையோட்டை மேலாக சீவி எடுத்து, கொழுப்பையும் நீரையும் பஞ்சால ஒத்தி எடுக்கணும். மூளையைப் பின்னாடியிருந்து மெதுவா முன்பக்கம் தூக்கினா, பார்வை நரம்பு ரெண்டும் குறுக்கே போற இடத்துக்குப் பின்னால, எலும்புல ஒரு சின்னக் குழி. அதுக்குள்ள மெல்லிசா ஒரு சவ்வு போர்த்தி, வெள்ளையா ஒரு மணி உட்கார்ந்திருக்கும். சவ்வை ஊசியால கிழிச்சு, இடுக்கியில நசுங்காம எடுத்து உடனே சுத்த ஆல்கஹால்ல போடணும். நசுங்கினா போச்சு, உள்ளே இருக்கறது வழிஞ்சிரும். ஆல்கஹால் நீரையும் கொழுப்பையும் இழுத்துக்கிட்டு சுரப்பியை இறுக வச்சிரும், ஹார்மோன் கெடாம இருக்கும்.

இந்திய பெருங்கெண்டைக்கு நாங்க போட்ட அளவு: பெண் மீனுக்கு முதல்ல கிலோவுக்கு 2 முதல் 3 மில்லிகிராம் சுரப்பி. 6 மணி நேரம் கழிச்சு 5 முதல் 8 மில்லிகிராம். அந்த ரெண்டாவது ஊசி நேரத்துல ஆணுக்கு ஒரே தடவையா 2 முதல் 3. அதுக்கப்புறம் 4 லேர்ந்து 6 மணி நேரத்துல சினை விழும். குளத்துத் தேங்கின தண்ணில தானா சினை விடாத கட்லா, ரோகு, மிர்கால் எல்லாத்தையும் இதுதான் விட வச்சது. 1957ல ஒடிசாவுல ஹிராலால் சௌத்ரி செஞ்சு காட்டினாரே, அன்னிக்குத் தொடங்கினது. அதுக்கும் முன்னாடி 1930கள்லயே அர்ஜென்டினாவுல ஹுசேவும் பிரேசில்ல வான் இயரிங்கும் சுரப்பிச் சாறை மீனுக்குப் போட்டுப் பாத்திருக்காங்க.

என் கருத்து இது. சுரப்பிச் சாறுல எல்லாமே இருக்கு. எல்.எச்., எஃப்.எஸ்.எச்., தைராய்டைத் தூண்டறது, வளர்ச்சி ஹார்மோன், எல்லாம். இப்ப வர்ற செயற்கை மருந்துல ஒரே ஒரு சின்னப் பொருள். முழுசா இருக்கறதுதான் மீனுக்கு நல்லது. இதுக்கு என்ன சொல்றீங்க?

---

அயிரை

> சுரப்பிச் சாறுல எல்லாமே இருக்கு

இருப்பது உண்மை. ஆனால் முதிர்ந்த தாய் மீனுக்கு அந்த நேரத்தில் தேவைப்படுவது எல்.எச். ஒன்றுதான், சாறு செய்யும் வேலையில் பெரும்பங்கும் அதனுடையதே. மற்றவை கூடவே போகின்றன. எந்தச் சுரப்பியில் எவ்வளவு எல்.எச். இருந்தது என்பது கொடை மீனின் வயது, பருவம், பாலினம், எடுத்த விதம் எல்லாவற்றையும் பொறுத்து மாறும். முதிராத மீனிலிருந்தோ பருவம் தவறியோ எடுத்த சுரப்பி எடையில் சரியாக இருக்கும், வீரியத்தில் இருக்காது. 8 மில்லிகிராம் என்று எடை போடுகிறீர்கள், அதற்குள் இருக்கும் எல்.எச். எவ்வளவு என்பது எடையில் தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. நீங்கள் ஊசி போடும் தாய் மீனின் சொந்தப் பிட்யூட்டரியிலேயே எல்.எச். நிறைய இருக்கிறது.

அடைப்பில் வளர்க்கும் கோடுள்ள பாஸ் மீனில் இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். இயற்கை நீரில் முட்டையிட வந்த பெண்ணையும் தொட்டியில் வளர்ந்த பெண்ணையும் ஒப்பிட்டால், தொட்டிப் பெண்ணின் பிட்யூட்டரியிலும் எல்.எச். செய்யப்பட்டு, துகள்களில் அடைபட்டு, காத்திருக்கிறது. இரத்தத்தில் மட்டும் ஏறவில்லை. கிணறு நிறைந்திருக்கிறது, இறைக்க ஆள் இல்லை. ஆகவே செய்வதில் குறை இல்லை, வெளியிடுவதில்தான் குறை. வெளியிடச் சொல்லும் கட்டளை மூளையிலிருந்து வர வேண்டும். நீரோட்டம், மழை, துணை, அடித்தளம், வெப்பநிலை என்று மீன் எதிர்பார்க்கும் குறிப்புகள் தொட்டியில் கிடைக்காததால் அந்தக் கட்டளை பிறப்பதில்லை.

கட்டளையின் பெயர் ஜி.என்.ஆர்.எச். 10 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு சங்கிலி. எல்.எச். செல்லின் மேற்பரப்பில் உள்ள ஏற்பியில் இது பொருந்தினால், செல்லுக்குள் கால்சியம் சட்டென்று உயரும். கால்சியம் உயர்ந்தால் துகள்கள் செல் சவ்வோடு இணைந்து உள்ளிருப்பதை வெளியே கொட்டும். இயற்கை ஜி.என்.ஆர்.எச்சை உடலிலுள்ள நொதிகள் சில நிமிடங்களில் அறுத்துவிடும். மருந்தாகத் தயாரிக்கும்போது 6ஆம் இடத்தில் வலக்கை வடிவ அமினோ அமிலத்தை வைத்து, வால்முனையையும் மாற்றுகிறார்கள். நொதிக்குப் பிடி கிடைக்காது, ஏற்பியிலும் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும்.

ஆனால் கெண்டைக் குடும்பத்தில் இது மட்டும் போதாது. அங்கே டோபமைன் என்ற நரம்புச் செய்திப் பொருள் குறுக்கே நிற்கிறது. தங்கமீனை வைத்து ரிச்சர்ட் பீட்டரின் ஆய்வுக்குழு 1970களின் பிற்பகுதியிலிருந்து இதை நிறுவியது. மூளையிலிருந்து வரும் டோபமைன் நரம்புகள் எல்.எச். செல்லில் உள்ள டி2 ஏற்பியைப் பிடித்து, ஜி.என்.ஆர்.எச். எவ்வளவு தட்டினாலும் கதவைத் திறக்கவிடாமல் வைத்திருக்கின்றன. எனவே ஜி.என்.ஆர்.எச். போன்ற பொருளும் டோபமைன் ஏற்பியை அடைக்கும் பொருளும் சேர்ந்து போக வேண்டும். சீனாவின் லின் ஹாவ்ரனும் பீட்டரும் சேர்ந்து உருவாக்கிய அந்த வழிதான் 'லின்பே' முறை. ஓவாப்ரிம் என்ற ஊசி மருந்தும் அதே வழி: ஒரு மில்லிலிட்டரில் சால்மன் ஜி.என்.ஆர்.எச். ஒப்புமை 20 மைக்ரோகிராம், டோபமைன் ஏற்பியை அடைக்கும் டொம்பெரிடோன் 10 மில்லிகிராம்.

ஆகவே ஆற்றுக்கெண்டை சார், செயற்கை மருந்தில் ஒரு சின்னப் பொருள்தான் இருக்கிறது என்பது பாதி உண்மை. அது மீனின் சொந்தச் செல்லை எழுப்புகிறது. எழுந்த செல் விடுவது அந்த இனத்துக்கே உரிய எல்.எச். கொடை மீனிலிருந்து நோய் வரும் அபாயமும் இல்லை.

---

ஆற்றுக்கெண்டை

டோபமைன் கதை எல்லா மீனுக்கும் பொருந்துமா மேடம்? ஏன்னா கடல் மீன் பொரிப்பகத்துல வேலை பாக்கற நண்பர் வெறும் ஜி.என்.ஆர்.எச். துகள் பதிச்சே வேலையை முடிச்சிர்றார்.

---

அயிரை

பொருந்தாது. கெண்டை, கெளுத்தி, விலாங்கு இவற்றில் தடை வலுவானது. சால்மனில் மிதம். கொடுவா, சீபிரீம் போன்ற பல கடல் மீன்களில் டோபமைனின் பங்கு மிகக் குறைவு. அதனால் உங்கள் நண்பருக்கு டொம்பெரிடோன் தேவைப்படவில்லை. மெதுவாகக் கசியும் துகளாகப் பதிப்பதற்கும் காரணம் உண்டு. கில்ட்ஹெட் சீபிரீம் போன்ற மீன் பருவம் முழுக்க நாள்தோறும் முட்டையிடும், ஒரே ஒரு எல்.எச். எழுச்சி அதற்குப் போதாது.

---

நீலத்தொட்டி

நான் அலங்கார மீன் வளர்ப்பவன், ஆய்வாளன் இல்லை. ஊசியே போடாமல் இனப்பெருக்கம் செய்ய வைப்பதுதான் எங்கள் வழி. ரெண்டு வாரம் நல்ல உயிருணவு, ஒளி நேரத்தைக் கூட்டுவது, கொஞ்சம் தண்ணீர் மாற்றம். இவ்வளவுக்கே பல மீன்கள் சினைக்கு வந்துவிடும். இதில் பிட்யூட்டரி எங்கே வருகிறது? உணவுக்கும் அந்தச் செல்லுக்கும் நேரடித் தொடர்பு உண்டா?

---

செதில்நுனி

நீலத்தொட்டி அண்ணா கேட்டதோட என் குழப்பத்தையும் சேர்த்துக்கிறேன். மரபணு நீக்க ஆய்வுகளைப் படிச்சப்போ தலை சுத்திருச்சு.

வரிமீனில் (zebrafish) எல்.எச். பீட்டா மரபணுவை நீக்கினா, பெண்ணோட முட்டைகள் முழு அளவுக்கு வளருது, ஆனா முதிர்ந்து வெளியேறறதில்லை. மலடு. சரி, எதிர்பார்த்ததுதான். எஃப்.எஸ்.எச். பீட்டாவை நீக்கினா? சூலக வளர்ச்சி தாமதமாகுது, அவ்வளவுதான், கடைசியில் முட்டையிடுது. அதே எஃப்.எஸ்.எச்சோட ஏற்பியை நீக்கினா முட்டைப்பைகள் தொடக்க நிலையிலேயே நின்னுபோய் அந்த மீன் பின்னாடி ஆணாவே மாறிடுது. ஹார்மோன் இல்லாட்டி தாமதம் மட்டும், ஏற்பி இல்லாட்டி பேரழிவு. எப்படி?

அதுக்கு மேல, ஜி.என்.ஆர்.எச். மரபணுக்களை நீக்கின வரிமீன் இனப்பெருக்கம் செய்யுதுன்னும் போட்டிருக்காங்க. பாலூட்டியில் ஜி.என்.ஆர்.எச்சைத் தூண்டற கிஸ்பெப்டினை நீக்கினாலும் செய்யுதாம். அப்போ மூளை, பிட்யூட்டரி, சூலகம்னு நாம படிக்கற அந்த அம்புக்குறிப் படம் எல்லாம்?

---

அயிரை

ஒவ்வொன்றாக.

ஏற்பிக் குழப்பத்துக்கு விடை எளிது. மீனில் எஃப்.எஸ்.எச். ஏற்பி அவ்வளவு கறாரானது இல்லை. வரிமீனில் எல்.எச்சும் அதை ஓரளவு தூண்டும். எஃப்.எஸ்.எச். இல்லாத மீனில் எல்.எச். மெல்ல மெல்ல அந்த வேலையைச் செய்து முடிக்கிறது, அதனால் தாமதம். ஏற்பியே இல்லையென்றால் யார் வந்தாலும் பயனில்லை.

மெடாகா என்ற ஜப்பானியச் சிறுமீனில் படம் இன்னும் தெளிவு. எஃப்.எஸ்.எச். நீக்கிய பெண்ணின் சூலகம் சிறுத்து, முட்டைப்பைகள் வளராமல் மலடாகிறது. எல்.எச். நீக்கிய பெண்ணுக்குச் சூலகம் நிறைய வளர்ந்த முட்டைகள், வெளியேற்றம் மட்டும் இல்லை. இப்போது முக்கியமானதைக் கவனியுங்கள். ஜி.என்.ஆர்.எச். 1 நீக்கிய மெடாகா பெண் அச்சு அசலாக எல்.எச். நீக்கிய பெண்ணைப் போலவே இருக்கிறது. முட்டை வளர்கிறது, வெளியேறவில்லை. அப்படியானால் ஜி.என்.ஆர்.எச். இல்லாமலே எஃப்.எஸ்.எச். செல் தன் வேலையைச் செய்திருக்கிறது. எஃப்.எஸ்.எச். செல்லுக்கு எஜமான் வேறு யாரோ.

அந்த 'யாரோ' 2024இல் வெளியே வந்தது. ஜப்பானில் மெடாகாவிலும் இஸ்ரேலில் வரிமீனிலும் தனித்தனியாக வேலை செய்த இரண்டு குழுக்கள் ஒரே பெயரில் போய் நின்றார்கள்: கோலெசிஸ்டோகைனின். சாப்பிட்டதும் குடல் விடும் நிறைவு ஹார்மோனாக நாம் எல்லோரும் படித்த அதே பொருள். மூளை நரம்புகளும் அதைச் செய்கின்றன, அந்த நரம்புகள் பிட்யூட்டரிக்குள் இறங்குகின்றன, அதன் ஏற்பி எஃப்.எஸ்.எச். செல்லில் செறிந்திருக்கிறது. அந்த ஏற்பியை மெடாகாவில் நீக்கினால் எஃப்.எஸ்.எச். நீக்கிய மீன் போலவே ஆகிறது. வரிமீனில் நீக்கினால் கோனடோட்ரோபின் இரண்டுமே சரிந்து, இனப்பெருக்க உறுப்பு சிறுத்து, எல்லா மீனும் ஆணாகவே வளர்கிறது.

நீலத்தொட்டி, உங்கள் கேள்விக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது. முட்டைக்கு மஞ்சள்கரு சேர்ப்பது உடலுக்குப் பெரிய செலவு. அந்தச் செலவைத் தொடங்கி வைக்கும் செல், வயிறு நிறைந்ததா என்று சொல்லும் ஹார்மோனுக்கே செவி சாய்க்கிறது. உங்கள் இரண்டு வார உயிருணவு அந்தப் பாதையில்தான் வேலை செய்கிறது என்று ஒவ்வொரு இனத்துக்கும் நிரூபித்துவிடவில்லை. ஆனால் பாதை இருக்கிறது, அதுவும் நேரடியாக இருக்கிறது. எனக்குச் சமீப ஆண்டுகளில் மிகவும் நிறைவு தந்த கண்டுபிடிப்பு இதுவே.

ஒளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிட்யூட்டரிக்குப் பின்னால், இரத்தநாளம் நிறைந்த சிறு பை போன்ற உறுப்பு ஒன்று பல மீன்களில் உண்டு. அது எதற்கென்று நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. 2013இல் 'மாசு சால்மன்' என்ற மீனில், பகல் நீளத்தை உணரும் உறுப்பு அதுதான் என்று காட்டினார்கள். ஒளியை உணரும் புரதமும் தைராய்டு ஹார்மோனைத் தூண்டும் கருவியும் அந்தப் பைக்குள்ளேயே இருந்தன. அதை அகற்றிய மீனின் இனப்பெருக்க உறுப்பு பகல் நீளத்துக்குச் சரியாக ஈடு கொடுக்கவில்லை.

கிஸ்பெப்டின் விஷயத்தில் வரிமீனும் பாலூட்டியும் வேறு வேறு என்று ஏற்றுக்கொள்வதே நேர்மை. எலியின் படத்தை எடுத்து மீனின் மேல் ஒட்டும் பழக்கத்தைப் பாடநூல்கள் விட வேண்டும்.

---

ஆற்றுக்கெண்டை

செதில்நுனி, உங்க ரெண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்றேன். "ஊசி போட்டேன், விடலை"ன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலானவங்க ஊசியைக் குறை சொல்லுவாங்க. குறை மீனைத் தேர்ந்தெடுக்கறதுல.

வயிறு பெருத்திருக்கு, தொட்டா மெத்துன்னு இருக்கு, ஆசனவாய் சிவந்திருக்குன்னு மட்டும் பாத்து முடிவு பண்ணக்கூடாது. மெல்லிய குழாயை இனப்பெருக்கத் துளை வழியா விட்டு கொஞ்சம் முட்டையை உறிஞ்சி எடுங்க. ஆல்கஹால் 6 பங்கு, ஃபார்மலின் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலந்த கரைசல்ல போடுங்க. சில நிமிஷத்துல மஞ்சள்கரு கண்ணாடி மாதிரி தெளிஞ்சு உட்கரு தனியாத் தெரியும். அது நடு மையத்துல உட்கார்ந்திருந்தா அந்த மீனை விட்டுருங்க, இன்னும் காலம் வரலை. மையத்தை விட்டு ஓரம் நோக்கி நகர ஆரம்பிச்ச முட்டைகள் அதிகம்னா அந்த மீனுக்குப் போடலாம். உட்கருவே காணோம், முட்டை சிதைஞ்சு கலங்கலா இருக்குன்னா நேரம் தாண்டிப்போச்சு.

போட்டதுக்கப்புறம் நேரம் வெப்பத்தைப் பொறுத்தது. சாதாக் கெண்டைக்கு 240 முதல் 260 பாகை-மணி (தண்ணி வெப்பத்தை மணி நேரத்தால பெருக்கினது) கணக்கு வச்சிருக்கோம். தண்ணி 24 பாகைன்னா 10 லேர்ந்து 11 மணி நேரம். குளிர்ந்த தண்ணில ஊசி போட்டுட்டு அதே நேரத்துல வயித்தைப் பிதுக்கினா முட்டை வராது, இல்ல அரைகுறையா ரத்தத்தோட வரும். அந்தத் தாயை அதோட இழந்துரலாம். இதைப் பாக்கறப்ப எனக்கு உண்மையிலேயே மனசு வலிக்கும். மூணு நாலு வருஷம் வளத்த மீனு அது.

---

செதில்நுனி

சார், அந்த உட்கரு ஓரத்துக்கு நகர்ற காட்சி! புத்தகத்துல படிச்சதுக்கும் நீங்க சொல்றதுக்கும் எவ்வளவு நெருக்கம். அயிரை அக்கா, எல்.எச். வந்ததும் சூலகத்துக்குள்ள என்ன நடந்து அந்த உட்கரு நகருது?

---

அயிரை

முட்டையைச் சுற்றி இரண்டு அடுக்குச் செல்கள் உண்டு. வெளியே தீக்கா, உள்ளே கிரானுலோசா. இரண்டும் சேர்ந்து வேலை செய்வதை யோஷிதகா நகஹாமாவின் குழு சால்மன் வகை மீன்களில் காட்டியது.

வளரும் காலத்தில் தீக்கா டெஸ்டோஸ்டிரோன் செய்து உள்ளே தள்ளும். கிரானுலோசா அதை எஸ்ட்ராடையாலாக மாற்றும். எஸ்ட்ராடையால் கல்லீரலுக்குப் போய் விட்டெலோஜெனின் என்ற மஞ்சள்கருப் புரதத்தைச் செய்யவைக்கும். அது இரத்தம் வழியே திரும்பி வந்து முட்டைக்குள் சேரும். இது எஃப்.எஸ்.எச். காலம்.

எல்.எச். எழுந்ததும் ஆலை பொருளை மாற்றுகிறது. எஸ்ட்ராடையால் சரிகிறது. தீக்கா இப்போது 17-ஹைட்ராக்சி-புரோஜெஸ்டிரோனைத் தருகிறது. கிரானுலோசாவில் வேறொரு நொதி எழுந்து அதை டி.எச்.பி. என்ற ஸ்டீராய்டாக மாற்றுகிறது. 1985இல் அமாகோ சால்மனில் அடையாளம் கண்ட முதிர்ச்சித் தூண்டி இதுதான். முட்டையின் மேற்பரப்பிலேயே இதற்கு ஏற்பி இருக்கிறது, உட்கருவுக்குள் போக வேண்டிய தேவையில்லை. அங்கிருந்து போகும் செய்தி முட்டைக்குள் சைக்ளின் பி, சி.டி.சி. 2 என்ற புரத இணையை உயிர்ப்பிக்கிறது. உட்கரு ஓரத்துக்கு வந்து, அதன் உறை கரைந்து, மாதக்கணக்கில் நின்றிருந்த செல்பிரிவு மறுபடி நகர்கிறது.

ஆற்றுக்கெண்டை சார் உட்கரு மையத்தில் இருக்கும் மீனை ஏன் விடச் சொல்கிறார் என்பது இப்போது புரியும். அந்த முட்டைப்பையில் எல்.எச். ஏற்பி இன்னும் போதுமான அளவு வந்திருக்காது. எல்.எச்சைக் கொட்டினாலும் கேட்கச் செவி இல்லை. ஊசி எதுவானாலும், சுரப்பிச் சாறோ ஓவாப்ரிமோ, எஃப்.எஸ்.எச். செல் மாதக்கணக்கில் செய்து முடித்த வேலையின் கடைசிப் படியை மட்டும்தான் அது தொடும்.

---

ஆழ்மடு

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். விலாங்கை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். கடைசிப் படியை மட்டும் தொடும் ஊசி என்று அயிரை சொன்னார் அல்லவா, விலாங்கில் முதல் படியிலிருந்தே ஊசிதான்.

விலாங்கு நன்னீரில் பல ஆண்டு வளர்ந்து கடலுக்குப் புறப்படும்போதுகூட அதன் சூலகம் முதிர்ந்திருக்காது. ஜி.என்.ஆர்.எச். சுரப்பு குறைவு, அதோடு டோபமைன் தடை. ஐரோப்பிய விலாங்கில் டெஸ்டோஸ்டிரோன், ஜி.என்.ஆர்.எச். ஒப்புமை, டோபமைன் ஏற்பியை அடைக்கும் பிமோசைடு மூன்றும் ஒன்றாகப் போனால்தான் எல்.எச். வெளியே வந்தது. எனவே ஜப்பானிய விலாங்குக்கு வாரம் ஒருமுறை சால்மன் பிட்யூட்டரிச் சாறு ஊசி, முட்டை வளர்ந்து முடிந்ததும் அயிரை சொன்ன அதே டி.எச்.பி. 1970களில் ஹொக்கைடோவில் முதல் குஞ்சுகளைப் பொரிக்கவைத்தார்கள். அந்தக் குஞ்சை வளர்த்து அதிலிருந்து அடுத்த தலைமுறையைப் பெற 2010 ஆனது. இங்கே ஆற்றுக்கெண்டை ஐயா சொல்வது பலிக்கிறது: எல்லாம் கலந்த சாறு, எஃப்.எஸ்.எச். உட்பட, தேவைப்படும் மீன் இது.

---

ஆற்றுக்கெண்டை

நன்றி ஆழ்மடு. நான் இன்னும் சுரப்பியை விட்டுடல. கைக்குப் பழகினது, பலன் தெரிஞ்சது. ஆனா கெண்டைக்கு ஊசி மருந்து ஒரே தடவைல முடியுதுங்கறது பெரிய விஷயம்தான். ரெண்டு தடவை வலை போட்டுப் பிடிக்கறப்ப மீனுக்கு ஆகற அலைச்சல் குறையுது.

---

அயிரை

செதில்நுனியின் முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், ஏன் தனித்தனி.

வரிமீனில் எல்.எச். செல்களுக்கு ஒரு நிறத்திலும் எஃப்.எஸ்.எச். செல்களுக்கு இன்னொரு நிறத்திலும் ஒளிரும் புரதத்தை வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வித்தியாசம் கண்ணில் அறையும். எல்.எச். செல்கள் நெருங்கி உட்கார்ந்து, நீண்ட கைகளால் ஒன்றையொன்று பற்றியிருக்கும். அவற்றுக்கிடையே இடைவெளிச் சந்திப்புகள், அதாவது ஒரு செல்லின் உள்நீர் அடுத்த செல்லோடு பேசும் நுண்துளைகள். ஒன்றில் கால்சியம் உயர்ந்தால் அண்டையிலும் உயரும். கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கொட்டும். அந்தத் துளைகளை அடைக்கும் மருந்தைப் போட்டால் ஜி.என்.ஆர்.எச்சுக்கு எல்.எச். செல்கள் காட்டும் பதில் மங்கிவிடுகிறது. எஃப்.எஸ்.எச். செல்கள் அப்படி இல்லை. சிதறி, தனித்தனியாக, இரத்தநாளத்தை ஒட்டி இருக்கும். ஒன்று விடும்போது மற்றது விட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எல்.எச்சுக்கு எழுச்சி வேண்டும். சில மணி நேரத்தில் உயர்ந்து, எல்லா முதிர்ந்த முட்டையும் ஒன்றாக வெளியேறி, ஆண் பக்கத்தில் இருக்கும்போதே விழ வேண்டும். முட்டை நீரில் விழுந்த சில நிமிடங்களில் விந்தணு சேராவிட்டால் வீண். எஃப்.எஸ்.எச்சுக்குச் சீரான, நீண்ட, உணவுக்கும் பருவத்துக்கும் ஏற்பக் கூடிக் குறையும் கசிவு வேண்டும். ஒரே செல் இரண்டையும் செய்ய வேண்டுமென்றால், பாலூட்டி செய்வதுபோல ஜி.என்.ஆர்.எச். துடிப்பின் வேகத்தை மாற்றி மாற்றித்தான் பிரித்துச் சொல்ல முடியும். மீன் அந்தச் சிக்கலுக்குப் போகாமல் செல்லையே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி நரம்பை வைத்திருக்கிறது. இது என் வாசிப்பு. பரிணாமத்தில் எது முதலில் வந்தது என்பது வேறு விவாதம்.

சுவரும் முழுதாக மூடியது அல்ல. மெடாகாவில் இரண்டு ஹார்மோனையும் செய்யும் செல்கள் சிலவும் உண்டு. பிட்யூட்டரியிலிருந்து பிரித்து வளர்ப்புத் தட்டில் வைத்தபோது எஃப்.எஸ்.எச். செல் எல்.எச். செய்யத் தொடங்கியதையும் 2020இல் காட்டியிருக்கிறார்கள். முதிர்ந்த மீனிலும் இந்தச் செல்கள் பிரிந்து எண்ணிக்கையில் பெருகும். பருவத்துக்கு ஏற்ப அந்தச் சிறு உறுப்பு தன்னைத்தானே மாற்றிக் கட்டிக்கொள்கிறது.

---

நீலத்தொட்டி

எல்லாரும் பெண் மீனைப் பற்றியே பேசினீர்கள். எல்.எச். இல்லாத ஆண் என்ன ஆகும்?

---

அயிரை

வரிமீனிலும் மெடாகாவிலும் எல்.எச். இல்லாத ஆண் கருவுறச் செய்யும் திறனோடு இருக்கிறது. ஆண் மீனின் ஸ்டீராய்டு செய்யும் லேடிக் செல்லில் எல்.எச். ஏற்பியோடு எஃப்.எஸ்.எச். ஏற்பியும் இருப்பதாக வரிமீனிலும் ஆப்பிரிக்கக் கெளுத்தியிலும் தெரிந்திருக்கிறது. எஃப்.எஸ்.எச். மட்டுமே 11-கீட்டோ-டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் செய்யவைத்து விந்தணு உருவாக்கத்தை நடத்திவிடும்.

அதற்காக ஆணுக்கு ஊசி வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எல்.எச். எழுந்தால் ஆணிலும் டி.எச்.பி. உயர்கிறது. சால்மன் வகைகளில் அது விந்துக் குழாயின் காரத்தன்மையைக் கூட்டுகிறது, அந்தக் காரத்தில்தான் விந்தணு நீந்தும் திறனைப் பெறுகிறது. ஊசிக்குப் பிறகு விந்துப்பாலின் அளவும் கூடும். ஆற்றுக்கெண்டை சார் பெண்ணின் இரண்டாவது ஊசியோடு ஆணுக்கும் ஒன்று போட்டாரே, அந்த 2 முதல் 3 மில்லிகிராம் செய்த வேலை அதுதான்.